கைராசி

அந்த மலர் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நீண்ட நடை. நடைக்கு இடப்பக்கம் வைரஸ் கண்டறியும் பிரிவு, வலப்பக்கம் வைரஸ் ஒழிக்கும் பிரிவு. இடப்பக்கத்துக்குக் கணவன் தலைவன், வலப்பக்கத்துக்கு மனைவி தலைவி. இதைவிடப் பொருத்தமான ஜோடி உலகத்திலேயே கிடையாது என்று நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, சேர்ந்து இருக்கிறவர்களுக்கல்லவா தெரியும்.

அவனுக்கு அங்கே ‘பாசிட்டிவ்’ என்று பட்டப்பெயர். எந்தச் செடியைக் கொடுத்தாலும் அதில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்துவிடுவான். பிளாஸ்டிக் பூவைக் கொடுத்தால்கூட ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதித் தருவான் என்பார்கள். அவளுக்கு ‘அடுப்புக்காரி’. நோய்ப்பட்ட செடிகளைச் சூட்டறையில் வைத்து வாரக்கணக்கில் வாட்டுவாள். அந்தச் சூட்டைச் செடி தாங்கும், வைரஸ் தாங்காமல் தளரும். அந்த நேரம் பார்த்து, குருத்தின் உச்சியில் கடுகில் கால்வாசி இருக்கும் துணுக்கை உருப்பெருக்கியின் கீழே அறுத்தெடுப்பாள். வைரஸ் இன்னும் ஏறிவந்து சேராத இடம் அது ஒன்றுதான். அந்தத் துணுக்கைக் கண்ணாடிக் குப்பிக்குள் ஊட்டி வளர்த்தால் சுத்தமான செடி கிடைக்கும். அதை நடையைத் தாண்டி எதிர்ப்பக்கம் அனுப்புவாள். அவன் சோதித்துப் பார்த்துவிட்டு, முகம் மலர, ‘பாசிட்டிவ்’ என்று திருப்பி அனுப்புவான்.

வீட்டிலும் இதே வேலைப் பிரிவினைதான். குழாய் சொட்டுகிறது என்று கண்டுபிடிப்பவன் அவன், அடைப்பவள் அவள். மகளுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று கண்டறிந்து அறிவித்தவன் அவன், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பது அவனுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். எழுந்து போய் உப்பு எடுத்து வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவனே கண்டுபிடித்து அவனே ஒழித்ததாக ஊருக்குத் தெரிந்த ஒரே விஷயம் சிகரெட். மகளுக்கு மூச்சிரைப்பு வந்த வருஷம் அவன் சிகரெட்டை விட்டான். சும்மா விடவில்லை, மேடை போட்டு விட்டான். நிலையத்தின் கூட்ட அரங்கில், ‘மனம் ஒன்று போதும்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசினான். இயக்குநர் கண்கலங்கினார். அதற்குப் பிறகு புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பேச்சை அவன் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது. பேசி முடித்ததும் தொண்டை வறண்டுபோகும். நேரே உரக்கிடங்குக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்துக்கொள்வான்.

அப்புறம் வாயில் ஒரு கிராம்பு. “அப்பா பக்கத்துல வந்தா பல் டாக்டர்கிட்ட போற மாதிரியே இருக்கு” என்பாள் மகள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். கண்டறிவதில் அவ்வளவு கெட்டிக்காரன்.

நிலையமே இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது கருநீலிக்காக. அது ஒரு பெட்டூனியாப் பூச்செடி. மை கொட்டியது போன்ற கருநீலம், ஓரத்தில் மட்டும் மெல்லிய வெண்கோடு. விதையில் வராது, தண்டை வெட்டி வெட்டித்தான் பெருக்க வேண்டும். வெட்டி வெட்டிப் பெருக்கியதில் பூவோடு வைரஸும் பெருகியது. இலைகளில் தேமல் விழுந்தது. பூக்கள் அழுது வீங்கிய கண்கள் மாதிரி சுருங்கின. வளர்த்தவர்கள் எல்லோரும் செடிகளைக் குழிவெட்டி எரித்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு நோயாளிச் செடி. அதைத்தான் அடுப்புக்காரி சூட்டறைக்குள் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ துணுக்குகள் குப்பியிலேயே கருகின. சில பூஞ்சை பிடித்தன. சில வளர்ந்து, எதிர்ப்பக்கம் போய், ‘பாசிட்டிவ்’ என்று தலைகுனிந்து திரும்பி வந்தன. கடைசியில் ஒன்று தேறியது. அந்த ஒன்றிலிருந்து இரண்டு மேசை நிறையக் குட்டிச் செடிகளை அவள் எடுத்தாள்.

இரண்டு முறை சோதித்தும் பாசிட்டிவால் அவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாவது சோதனைதான் கடைசி. செடிகளைக் குப்பியிலிருந்து எடுத்து, பூச்சி நுழையாத வலைக்கூடத்தில் தொட்டிகளில் நட்டு, அவை வேர்பிடித்து வளர்ந்த பிறகு ஒருமுறை சோதிப்பது. அதிலும் தேறிவிட்டால் அவை தாய்ச்செடிகள். உலகத்தில் இனிமேல் பூக்கப்போகும் கருநீலி எல்லாம் அவற்றின் பிள்ளைகள். தேறாவிட்டால் எரியுலைக்குள் போய்விடும், உலகத்தில் கருநீலியே இருக்காது. கூடவே ஒழிப்புப் பிரிவின் கதவையும் பூட்டிவிடலாம் என்று இயக்குநர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை.

*

இயக்குநர் அறிவியலை மதிப்பவர். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கைராசியை மதிப்பவர். நிலையத்து வாசலில் எப்போதோ பாசிட்டிவ் ஊன்றிய ஒரு குச்சி, துளிர்த்து மரமாகிவிட்டது. தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் தோட்டக்காரர். ஆனால் தண்ணீருக்கு ராசி உண்டு என்று யாரும் சொல்வதில்லையே. அன்றிலிருந்து இயக்குநர் புது மேசை வாங்கினாலும் பாசிட்டிவ்தான் முதலில் தொட வேண்டும்.

கருநீலியை நடுகிற நாளில் அவர் புகைப்படக்காரரோடு வலைக்கூடத்துக்கு வந்தார். வாசலில் ஒரு வட்டிலில் ஆடையெடுத்த பால் வைத்திருந்தது. உள்ளே போகிறவர்கள் அதில் கையை நனைத்து, பிறகு கையுறை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சில வைரஸ்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். பால் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும்.

“முதல் செடியை நம்ம கைராசிக்காரர் நடட்டும்” என்றார் இயக்குநர்.

“நடட்டும் சார். கையை நனைச்சுட்டு, கையுறையைப் போட்டுக்கிட்டு நடட்டும்” என்றாள் அடுப்புக்காரி.

“பால் கையோட வேணாம் மேடம்” என்றார் புகைப்படக்காரர். “படத்துல சுண்ணாம்புக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி தெரியும்.”

“கையுறையாவது...”

“ஏம்மா, ராசி கையில இருக்கா, கையுறையில இருக்கா?” என்றார் இயக்குநர். தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், இன்னொரு முறை புகைப்படக்காரரைப் பார்த்தும் சொன்னார். இரண்டு முறையும் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் பாசிட்டிவ் வாயைத் திறந்திருக்கலாம். வலைக்கூடத்து விதிகளை எழுதியவனே அவன்தான். ஆனால் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு ஒரு படபடப்பு. படபடப்புக்காகச் சற்று முன்னால்தான் உரக்கிடங்குப் பக்கம் போய்விட்டு வந்திருந்தான். ஒன்றுக்கு இரண்டாக. கையைக் கழுவினானா என்று யோசித்தான். கிராம்பு போட்டது நினைவிருந்தது. அது போதும் என்று பட்டது.

முதல் செடியை நட்டான். “இன்னொரு பக்கத்துலேர்ந்து ஒண்ணு சார்” என்றார் புகைப்படக்காரர். இரண்டாவதை நட்டான். “வரிசை முழுக்க அவரே நடட்டும், பார்க்க நல்லாயிருக்கு” என்றார் இயக்குநர். மண்ணை அழுத்தினான், அடியிலையைக் கிள்ளினான், தண்டை நிமிர்த்தினான். அப்படி முன்மேசை முழுவதும் அவன் கையால் ஆனது. பின்மேசையை அடுப்புக்காரி கையுறையோடு தனியாக நட்டு முடித்தாள். நிலையத்தின் செய்திமடலில் அந்தப் படம் வந்தபோது, அவன் சிரித்தபடி செடியை ஏந்திக்கொண்டிருந்தான். பின்னால் மங்கலாகத் தெரிந்தது அவளுடைய முதுகு.

*

செடிகள் வேர்பிடித்ததும் பாசிட்டிவ் இரண்டு மேசைகளிலிருந்தும் இலைகளைச் சேகரித்து, இடித்துச் சாறெடுத்து, வைரஸுக்கு ஒரு வரிசையாகக் குழிகள் வைத்த தட்டில் ஊற்றினான். வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரியே கிடக்கும்.

முன்மேசைச் செடிகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் விழுந்தது.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. எதிர்ப்பக்கத்துக்காரியை இத்தனை நாள் கழித்துப் பிடித்தாயிற்று. எழுந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, எந்த வைரஸ் என்று பார்த்தான். கருநீலியைப் பழையபடி பீடித்த இரண்டு வைரஸ்களுக்கான குழிகளும் தெளிவாக, வெறும் தண்ணீராக இருந்தன. அவற்றை அவள் அடியோடு ஒழித்திருந்தாள். மஞ்சளாகியிருந்தது வேறொரு வரிசை: புகையிலைத் தேமல்.

தேய்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

புகையிலைத் தேமல் காய்ந்த புகையிலையில் வருஷக்கணக்காக உயிரோடு இருக்கும். சுருட்டிய சிகரெட்டில் இருக்கும். அதைப் பிடித்த விரலில் இருக்கும். அந்த விரல் ஓர் இலையைக் கிள்ளினால், கிள்ளிய இடம் வழியாக உள்ளே போய்விடும். புகையிலைக்குப் பெட்டூனியா ஒன்றுவிட்ட தங்கை முறை, ஒரே குடும்பம். அக்காளின் நோய் தங்கைக்கு வர அறிமுகம் தேவையில்லை. இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ வளர்ப்பவர்களுக்கு வருஷாவருஷம் வகுப்பெடுக்கிறவனே அவன்தான். ‘புகைபிடிக்கிற கை பெட்டூனியாவுக்குப் பாம்பின் வாய்’ என்று அவன் சொன்னதை எழுதிக் கொட்டகையில் ஒட்டியவர்கள்கூட உண்டு.

பாலில் கையை நனைத்து, கையுறை மாட்டி, புதிதாக இலை எடுத்து வந்து மறுபடி சோதித்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து, ‘இல்லை என்று வந்துவிடு, இல்லை என்று வந்துவிடு’ என்று கெஞ்சினான். தட்டு அவனுக்கே உரிய கண்டிப்போடு மஞ்சளாகியது. முன்மேசை முழுக்க. பின்மேசையில் ஒன்றுகூட இல்லை.

விதி என்ன சொல்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். வலைக்கூடத்தில் ஒரு செடிக்கு வைரஸ் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டறிய வேண்டும். மூலம் தெரிந்தால், தொடப்பட்டவற்றை மட்டும் எரிக்கலாம், மற்றவற்றைக் காப்பாற்றலாம். மூலம் தெரியாவிட்டால் கூடம் முழுவதையும் எரித்துவிட வேண்டும். சாமர்த்தியமான விதி. எழுதியவனையே இப்படி மடக்கும் என்று எழுதும்போது தெரியவில்லை.

*

வீட்டில் சாப்பிடும்போது சொன்னான்.

“முன்மேசை போயிடுச்சு.”

அவள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்தாள். “முன்மேசை மட்டுமா?”

“ஆமா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

“எந்த வைரஸ்?”

“அது... இன்னும் சரியாத் தெரியல.”

“வைரஸ் இருக்கு, ஆனா எதுன்னு தெரியல. திருடன் வந்தான், ஆனா வீடு நம்மளுதானான்னு தெரியலன்ற மாதிரி இருக்கு.”

அவன் தட்டைப் பார்த்தான். “புகையிலைத் தேமல்.”

மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அப்ப, புகை பிடிக்கிற யாரோ தொட்டிருக்காங்க” என்றாள் அவள்.

“இருக்கலாம்.”

“யாருன்னு தெரிஞ்சா பின்மேசை தப்பிச்சுடும். இல்லையா?”

“விதி அப்படித்தான்.”

“தெரியலன்னா ரெண்டு வருஷமும் உலைக்குள்ள. அப்புறம் நான் வீட்டுல உட்கார்ந்து குழாய் அடைக்கலாம்.” அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. “என்னங்க, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. வெளியே வந்தபோது வேறொன்றாக இருந்தது.

“உப்பு கொஞ்சம் கம்மி.”

அவள் எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. உப்பும் வரவில்லை.

“அப்பா,” என்றாள் மகள், “நீங்க அம்மாவோட லேப்ல வேலை செய்யறீங்களா, எதிர் லேப்லயா?”

“எதிர் லேப்ல.”

“அதான் பார்த்தேன்.”

*

மூலத்தைக் கண்டறிய இயக்குநர் விசாரணைக் குழு அமைத்தார். ஒரே ஆள் கொண்ட குழு. “கண்டுபிடிக்கிறதுல நம்ம பாசிட்டிவை அடிச்சுக்க ஆள் கிடையாது. உப்புக் கல்லுக்குள்ள இருக்கிற தண்ணியைக்கூடக் கண்டுபிடிச்சிடுவார்” என்றார்.

தன்னைத் தானே தேடச் சொன்னால் ஒரு மனிதன் எங்கே போவான்? போகக்கூடிய எல்லா இடத்துக்கும் பாசிட்டிவ் போனான். முதலில் புகைப்படக்காரர்.

“நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?”

“பிடிப்பேன் சார். ஆனா நான் கேமராவைத்தானே தொட்டேன்? கேமராவுக்கு வேணா டெஸ்ட் எடுங்க. லென்ஸ்ல ஒரு தேமல் இருக்கு, ரொம்ப நாளா.”

அடுத்தது தோட்டக்காரர். நடும் நாளில் மண் சுமந்து வந்தவர். முன்னாளில் விரலிடுக்கில் சிகரெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இவர்தான், இவராகத்தான் இருக்க வேண்டும் என்று பாசிட்டிவ் மனசுக்குள் எழுதியே விட்டான். பாவம், வயதானவர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான், பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டான். ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போகும்போது மனிதனுக்கு இரக்கம் சுரந்துகொண்டே இருக்கும்.

“அண்ணே, நீங்க பிடிப்பீங்கதானே?”

“பிடிச்சேன் சார். விட்டாச்சு.”

“எப்போ?”

“நீங்க பேசினீங்களே அன்னிக்கு.” தோட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். நீங்க உங்க பொண்ணு மூச்சு வாங்கினதைச் சொன்னீங்க பாருங்க, எனக்கு என் பேரப்பிள்ளை நெனப்பு வந்துடுச்சு. வெளியே வந்து பாக்கெட்டைத் தூக்கி எறிஞ்சேன். அதுக்கப்புறம் தொடல. கஷ்டமாத்தான் இருந்துச்சு. சாரே விட்டுட்டாரு, நமக்கென்னன்னு வைராக்கியமா இருந்தேன்.”

பாசிட்டிவ் தலையாட்டினான். வேறு என்ன செய்ய முடியும்? பிறகு, தன்னையறியாமல், “எங்க தூக்கி எறிஞ்சீங்க?” என்று கேட்டான்.

“உரக்கிடங்குக்குப் பின்னாலதான். ஏன் சார்?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் விசாரணை அறிக்கையில் எழுதினான்: ‘மூலம் அறிய இயலவில்லை.’ மூன்றே சொற்கள். அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் நெகட்டிவ்.

*

எரிக்கும் உத்தரவில் கையெழுத்திட இயக்குநர் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். அடுப்புக்காரி, பாசிட்டிவ், தோட்டக்காரர், கூடவே புகைப்படக்காரர். எரிப்பதையும் செய்திமடலில் போட வேண்டுமாம். ‘சமரசமற்ற தரம்’ என்று தலைப்புக்கூட யோசித்தாயிற்று.

“வருத்தமாத்தான் இருக்கு. என்ன பண்றது, விதின்னு ஒண்ணு இருக்கே” என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்றாள் அடுப்புக்காரி. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே சோதனைப் பட்டைகள். தோட்டத்திலேயே நின்றபடி இலைச்சாறில் முக்கிப் பார்க்கிற காகிதப் பட்டைகள். ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால் வைரஸ் இருக்கிறது. “இது புகையிலைத் தேமலுக்கானது. இலையிலதான் பார்க்கணும்னு இல்ல. பஞ்சால விரலைத் துடைச்சு அந்தத் தண்ணியில முக்கினாலும் காட்டும். அன்னிக்கு வலைக்கூடத்துல இருந்த எல்லோரும் இங்கதான் இருக்கோம். பார்த்துடலாமே.”

“இன்னிக்குப் பார்த்து என்ன? அன்னிக்கு இருந்த கை வேற” என்றான் பாசிட்டிவ் அவசரமாக.

“பழக்கம் இருக்கிறவங்க கையில இன்னிக்கும் இருக்கும். நீங்கதானே வகுப்புல சொல்வீங்க?”

தன் விரலை முதலில் துடைத்தாள். ஒரு கோடு. இயக்குநர் தன் கையை நீட்டினார், எதிலோ ஜெயிக்கப்போகிறவர் மாதிரி. ஒரு கோடு. “பார்த்தீங்களா!” என்றார். தோட்டக்காரருக்கு ஒரு கோடு. அதை அவர் கொஞ்ச நேரம் பெருமையோடு பார்த்தார். புகைப்படக்காரருக்கு இரண்டு கோடு.

“நான்தான் ஒத்துக்கிட்டேனே! பிடிக்கிறேன், ஆனா செடியைத் தொடல. தொட்டேனா? எல்லாப் படமும் இருக்கு, பாருங்க. படம் எடுத்தவன் படத்துல இருப்பானா?”

“இருக்க மாட்டீங்க” என்றாள் அவள். “படத்துல இருக்கிறவரைப் பார்ப்போம். கையை நீட்டுங்க.”

பாசிட்டிவ் கையை நீட்டினான். காலையில் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். ஆனால் உத்தரவு, கையெழுத்து, உலை என்ற நினைப்பில், இங்கே வருவதற்கு முன்னால் இன்னொரு முறை உரக்கிடங்கு வரை நடந்துவிட்டிருந்தான். அவளுடைய விரல்கள் அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் துடைத்தன. அவள் அவன் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று சம்பந்தமில்லாமல் நினைத்துக்கொண்டான்.

பட்டையைத் தண்ணீரில் நிறுத்தினாள். ஈரம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

ஐந்து பேரும் ஒரு காகிதத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈரம் பாதி தூரம் வந்திருந்தது. இப்போதே சொல்லிவிட்டால், தானே முன்வந்து ஒப்புக்கொண்டதாக இருக்கும். மனச்சாட்சி, நேர்மை, இன்னும் ஒரு பேச்சுக்குக்கூட ஆகும் என்று அவனுக்குத் தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“நான்தான்” என்றான். “மூலம் நான்தான். நான் விடல. எல்லோர்கிட்டயும் விட்டுட்டேன்னு சொன்னேன், ஆனா...”

“பொறுங்க” என்றாள் அவள், பட்டையிலிருந்து கண்ணெடுக்காமல். “நீங்க சொல்றதை ரிப்போர்ட்ல எழுத முடியாது. கோடு வரட்டும்.”

முதல் கோடு வந்தது. பிறகு, வெட்கமே இல்லாமல், இரண்டாவது கோடும் வந்தது. புகைப்படக்காரருடையதைவிட அழுத்தமாக.

தோட்டக்காரர் தரையைப் பார்த்தார். அந்த அறையில் யார் என்ன சொல்லியிருந்தாலும் பாசிட்டிவுக்கு அது அவ்வளவு வலித்திருக்காது.

இயக்குநர்தான் முதலில் தேறினார். “சரி. இது இந்த அறையைத் தாண்டக்கூடாது. ‘மனிதத் தொடர்பு’ன்னு பொதுவா எழுதிட்டாப் போச்சு.”

“போதாது சார். எந்த மனிதன், எந்தக் கை, எந்தெந்தச் செடின்னு விதி கேக்குது. அதை எழுதினாத்தான் பின்மேசை பிழைக்கும்.”

“என்னம்மா இது, ஒரு ஓட்டைகூட இல்லாம! யாருய்யா எழுதினது இந்த விதியை?”

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

“அப்புறம், கையுறை வேணாம்னு சொன்னது யாருன்னும் எழுதணும் சார்” என்றாள் அடுப்புக்காரி, மிகவும் மரியாதையாக. “அதுக்கும் ஒரு பத்தி இருக்கு.”

இயக்குநர் பேனாவை மூடினார். ஒழிப்புப் பிரிவைப் பூட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டும் சரி, சிரிக்காமலும் சரி. அந்தப் பத்தி மட்டும் எழுதப்படாமல் அவள் மேசை இழுப்பறையில் வெள்ளைத்தாளாகவே இருக்கிறது. வெள்ளைத்தாளுக்கு இருக்கிற மரியாதை எழுதிய தாளுக்குக் கிடையாது என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்மேசையை அன்றே எரித்தார்கள். பாசிட்டிவ் தன் பெயரை, தன் பதவியை, தன் வலது கையை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். செய்திமடலில் ‘கண்டறியும் பிரிவின் துணிச்சல்’ என்று ஒரு குறிப்பு வந்தது. என்ன துணிச்சல், எதைக் கண்டறிந்தது என்ற விவரமெல்லாம் அதில் இல்லை.

*

பின்மேசைச் செடிகளைப் பிறகு வேறொரு நிலையத்துக்காரர்கள் வந்து சோதித்தார்கள். எல்லாம் சுத்தம். அவை தாய்ச்செடிகள் ஆயின.

அவற்றில் முதல் மொட்டு விரிந்த காலையில், வலைக்கூடத்து வாசலில் பாசிட்டிவ் வந்து நின்றான். உள்ளே அவள் இருந்தாள். வலைக்கு அப்பால் மை கொட்டியது போல ஏதோ தெரிந்தது. ஓரத்து வெண்கோடு இங்கிருந்து கண்ணுக்கு எட்டவில்லை.

“பூத்துடுச்சாமே. உள்ள வரலாமா?”

அவள் வாசலுக்கு வந்தாள். மேலங்கிப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள்.

“இன்னுமா நம்பிக்கை இல்ல?” என்றான்.

“நம்பிக்கை எதுக்கு? பட்டை இருக்கே.”

விரலைத் துடைத்தாள். பட்டையை நிறுத்தினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவன் நிம்மதியாகத்தான் இருந்தான். அந்த அறையில் நடந்ததற்குப் பிறகு அவன் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. சத்தியமாகவே இல்லை. இன்று காலைகூட, மகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, பழைய சட்டைப்பையில் ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தான். விரலிடுக்கில் உருட்டினான். மூக்கருகே கொண்டுபோனான். பற்றவைக்காமல், தன் வைராக்கியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஒடித்து, பொடித்து, தூக்கி எறிந்தான்.

ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. பற்றவைத்த சிகரெட்டா, பற்றவைக்காததா என்று பட்டை கேட்காது என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

முதல் கோடு வந்தது. அது எல்லோருக்கும் வருவது.

“என்ன, வேர்க்குது?” என்றாள் அவள்.